வார்லுகுலாங்: அப்பா வழியில வந்த கதையை வரையுறவர் ஆர்ட்டிஸ்ட்டா, வாரிசா?

கரிசல்காட்டான்:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தது, விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஆஸ்திரேலியா நேஷனல் கேலரி கைல ஒரு படம் இருக்கு, வார்லுகுலாங்னு பேரு, 1977-ல வரைஞ்சது. வரைஞ்சவர் கிளிஃபர்ட் போஸம் ஜாபல்ஜாரி, அங்கத்த பூர்வகுடி ஓவியர். ரெண்டு மீட்டர் உயரம், மூணே கால் மீட்டருக்கு மேல அகலம், முழுக்க புள்ளி புள்ளியா இருக்கும். தூரத்துல பாத்தா புகை மண்டின காடு மாதிரி இருக்கு, கிட்ட போனாதான் ஒரு ஓரத்துல ரெண்டு எலும்புக்கூடு படுத்திருக்கறது தெரியுது. வரைஞ்சப்ப 1,200 டாலருக்கு காமன்வெல்த் பேங்க் வாங்கி அவங்க டிரெயினிங் சென்டர் கேண்டீன்ல மாட்டியிருந்தாங்களாம், அதே படம் 2007-ல ஏலத்துல 24 லட்சம் டாலர். என் கேள்வி காசு பத்தி இல்ல. இந்தப் படத்தைப் பத்தி எங்க படிச்சாலும் "இந்தக் கதையை வரைய அவருக்கு உரிமை இருந்தது"ன்னு ஒரு வரி வருது. உரிமைன்னா என்ன, யார் குடுக்கறது? ஒரு கதையை வரையறதுக்கு பட்டா சிட்டா மாதிரி எதாவது இருக்கா? பக்கத்து வீட்டுக்காரன் அதையே வரைஞ்சா என்ன ஆகும்?

கணக்குப்பிள்ளை:
காசு பத்தி இல்லன்னு சொல்லிட்டு ரெண்டு ரேட்டையும் முதல்லயே போட்டுட்டீங்களே அண்ணே 😄 சரி அந்த 24 லட்சத்துல ஓவியருக்கு எவ்வளவு போச்சு?

கரிசல்காட்டான்:
அவர் 2002-லயே இறந்துட்டார். குடும்பத்துக்கும் ஒண்ணும் போகலன்னுதான் படிச்சேன்.

செம்மண்ரோடு:
ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல ஆஸ்பத்திரி வேலையா சில வருஷம் இருந்தவ, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல கதை. வார்லுகுலாங்கறது ஒரு இடம், ஆஸ்திரேலியா நடுவுல இருக்கற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்க்கு வடமேற்கால 300 கிலோமீட்டர் கிட்ட. லுங்காட்டான்னு ஒரு மூதாதை, நீலநாக்கு அரணை மனுஷன். அவருக்கு ரெண்டு பசங்க. அவங்க ஒரு கங்காருவை வேட்டையாடி அப்பாவுக்கு பங்கு வைக்காம முழுசா சாப்பிட்டுட்டாங்க, அவருக்கு தெரிஞ்சு போச்சு, காட்டுக்கு தீ வெச்சுட்டார். அந்தத் தீ பசங்களை துரத்திக்கிட்டே போய் கடைசில ரெண்டு பேரும் செத்தாங்க. நீங்க பாத்த ரெண்டு எலும்புக்கூடும் அவங்கதான். புள்ளியெல்லாம் புகை, சாம்பல், கருகின புல்லு, அப்புறம் மழைக்குப் பின்னாடி துளிர்க்கற செடி. ஆனா படத்துல இந்த ஒரு கதை மட்டும் இல்ல, ஒன்பது கதையோட தடம் அதுல ஓடுது, இது நடுவுல இருக்கறது. ஒவ்வொரு தடமும் ஒரு மூதாதை நடந்து போன வழி, அந்த வழியில இருக்கற நீர்நிலை, பாறை, குன்று எல்லாம் அவங்க செஞ்ச காரியத்தால உண்டானது. அதனால இந்தப் படம் கதையும்தான், ஊர் மேப்பும்தான், "இந்த நிலத்துக்கு நாங்க பொறுப்பு"ன்னு சொல்ற பத்திரமும்தான். கரிசல் அண்ணே பட்டான்னு கிண்டலா கேட்டீங்க, உண்மையில அதுக்கு ரொம்ப கிட்டத்துலதான் இருக்கீங்க.

யார் குடுக்கறதுங்கறதுக்கு வரேன். அங்க உறவுமுறைல எட்டு பிரிவு இருக்கு, ஸ்கின் நேம்னு சொல்லுவாங்க. ஜாபல்ஜாரிங்கறது அவரோட சர்நேம் கிடையாது, அந்த எட்டுல ஒண்ணு. அவர் அப்பா ஜுங்குராயி. ஜுங்குராயிக்கு பொறந்தா பையன் ஜாபல்ஜாரி, அந்த ஜாபல்ஜாரிக்கு பொறந்தா மறுபடி ஜுங்குராயி, பொண்ணா இருந்தா நுங்குராயி. கிளிஃபர்டோட பொண்ணுங்க கேப்ரியெல்லா, மிஷெல் ரெண்டு பேருமே நுங்குராயி, ரெண்டு பேருமே ஓவியர்கள். தாத்தா பிரிவுக்கே பேத்தி வந்து நிக்கறா பாருங்க. அப்பா வழியில வர கதைக்கு நீ சொந்தக்காரன். அம்மா வழியில வர கதைக்கு நீ காவல்காரன், அதாவது சொந்தக்காரன் ஒழுங்கா பாடறானா, ஒழுங்கா வரையறானா, சொல்லக்கூடாததை சொல்லிடறானான்னு பாக்கறது உன் வேலை. ஆக ஒரே கதைக்கு சொந்தக்காரங்க ஒரு கூட்டம், மேற்பார்வைக்கு இன்னொரு கூட்டம். தனியா ஒருத்தர் இஷ்டத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது.

ரவிவர்மனில்லை:
நான் ஓவியக்கல்லூரில படிச்சவன், இன்னிக்கும் பிரஷ் பிடிச்சுதான் சாப்பாடு, அதனால கேக்கறேன், யாரும் தப்பா எடுக்காதீங்க. நீங்க சொல்றதைப் பாத்தா அந்த ஆள் என்ன வரையணும்னு தாத்தா முடிவு பண்ணிட்டார், சரியா வரைஞ்சியான்னு மாமன் மச்சான் செக் பண்றான், இதுல ஆர்ட்டிஸ்ட் எங்க இருக்கான்? இது கைவினைதான, பரம்பரையா செய்யறது. அதை தாழ்வா சொல்லல, ஆனா மாடர்ன் ஆர்ட் கேலரில வெச்சு அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலக் பக்கத்துல பேசறதுக்கு இது என்ன பண்ணிச்சு?

மெல்பன்_வாசுகி:
தம்பி உங்கட கேள்வி நியாயமான கேள்விதான், ஆனா அங்க கதைதான் குடுக்கப்பட்டது, படம் குடுக்கப்படேல்ல. இதை கவனியுங்கோ. 1971-க்கு முதல் கான்வாஸ் எண்ட ஒண்டே அவையளிட்ட இல்லை. மணல்ல கீறினவை, உடம்பில கீறினவை, பாறையில, கேடயத்தில கீறினவை. சடங்கு முடிஞ்சா மணல் ஓவியம் அழிஞ்சு போம். பாபுன்யா எண்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்க்கு மேற்க 240 கிலோமீட்டர் தூரத்தில ஒரு அரசாங்க குடியிருப்பு, கனக்க இனத்து ஆக்களை அவையின்ர சொந்த நிலத்தில இருந்து கொண்டுவந்து ஒரே இடத்தில அடைச்சு வைச்ச இடம். 1971-ல ஜெஃப்ரி பார்டன் எண்டு ஒரு வெள்ளைக்கார வாத்தியார் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். பெரிய ஆக்கள் சேந்து பள்ளிக்கூட சுவரில தேனெறும்பு கதையை கீறினவை. அதுக்குப் பிறகு கதவுத்துண்டு, பலகை, கையில கிடைச்ச எல்லாத்திலயும் கீறத் தொடங்கிட்டினம். 1972-ல பாபுன்யா டூலா எண்ட கம்பனி, ஓவியர்களே முதலாளிகள். அந்த சுவரோவியம் ஒரு சில வருசத்திலயே பெயின்ற் அடிச்சு மூடப்பட்டது, அது வேற கதை.

சொல்ல வந்தது என்னெண்டால், ஒன்பது கதைத் தடத்தை ஒரே கான்வாஸில நிலத்தின்ர அமைப்பு குழம்பாம கொண்டுவாறது எப்பிடி எண்டு எந்தத் தாத்தாவும் கிளிஃபர்ட் போஸத்துக்கு சொல்லிக் குடுக்கேல்ல. அதை அவரே கண்டுபிடிச்சது. 1976-க்கும் 79-க்கும் இடையில இப்பிடி பெரிய மேப் மாதிரி படங்களை அவர் செய்தது ஒருத்தரும் அதுக்கு முதல் செய்யாத வேலை. முதலாவதை, அதுக்கும் வார்லுகுலாங் எண்டுதான் பேர், சகோதர முறையான ரிம் லூராவோட சேந்து கீறினவர், அது சிட்னியில இருக்கு. உங்கட படம் ரெண்டாவது, அடுத்த வருசம் கீறினது.

ரவிவர்மனில்லை:
@மெல்பன்_வாசுகி ஓகே அக்கா, காம்போசிஷன் அவருடையதுன்னு ஒத்துக்கறேன். அது பெரிய விஷயம்தான், அந்த சைஸ்ல அத்தனை லேயரை பேலன்ஸ் பண்றது விளையாட்டில்ல. ஆனா அந்த "வரையக்கூடாது"ங்கற பக்கம் எனக்கு இன்னும் உறுத்துது. ஒரு கலைஞனுக்கு வேலி போட்டா அது எப்படி கலை

லெமூரியன்77:
எல்லாரும் முக்கியமானதை மறந்துட்டீங்க. ஆஸ்திரேலிய பூர்வகுடிகள் குமரிக்கண்டத்தில் இருந்து போன நம்ம ஆட்கள்தான், பூமராங்தான் வளரி, புள்ளி ஓவியம்தான் கோலம், இதை ஏன் யாரும் பேசறதில்ல???

செம்மண்ரோடு:
@லெமூரியன்77 கோலத்துல புள்ளி கோட்டுக்கு அளவு வைக்கறதுக்கு, முதல்ல புள்ளி அப்புறம் கோடு. அங்க முதல்ல கதையோட உருவம், அதுக்கு மேல சுத்தி புள்ளி, பல சமயம் உருவத்தை மறைக்கறதுக்காகவே. நேர் எதிர். அவங்க பல பத்தாயிரம் வருஷமா அந்த மண்ணுலயே இருக்கறவங்க, அவங்க கதை அவங்களோடதா இருக்கட்டுமே, அதையும் நம்ம பேருக்கு பட்டா மாத்தணுமா.

நெறியாளர்:
குமரிக்கண்டத்துக்கு தனி இழை ஏற்கனவே 140 பக்கம் போயிருக்கு, அங்க போங்க. இங்க வேண்டாம்.

கரிசல்காட்டான்:
மறைக்கறதுக்கு புள்ளியா? இதை விளக்குங்க மேடம், எனக்கு இது சுத்தமா புதுசு.

செம்மண்ரோடு:
ஆமா. 71, 72-ல ஆரம்பத்துல வரைஞ்ச பலகைகள்ல சில பேர் சடங்குப் பொருட்களையே நேரடியா வரைஞ்சுட்டாங்க. அது தீட்சை ஆன ஆம்பளைங்க மட்டும் பாக்க வேண்டியது, பொம்பளைங்களும் சின்னப் பசங்களும் பாக்கக்கூடாது. குடியிருப்புக்குள்ள இருந்த வரைக்கும் யார் பாக்கறாங்கன்னு அவங்க கட்டுப்பாட்டுல இருந்தது. படம் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கடையில தொங்கினதும் பக்கத்து இனத்து பெரியவங்க பாத்துட்டு பெரிய சண்டை. அதுக்கப்புறம்தான் ஓவியர்கள் உள்ள கூடி பேசி என்ன வெளியில போகலாம் எது போகக்கூடாதுன்னு ஒரு வரையறைக்கு வந்தாங்க, புள்ளி படத்தை நிறைச்சது அதுக்கப்புறம் ரொம்ப அதிகமாச்சு. எல்லாப் புள்ளியும் மறைக்கறதுக்குன்னு சொல்ல மாட்டேன், நிலத்தையும் செடியையும் காட்டறதும் புள்ளிதான், உடம்புல சடங்குக்கு பஞ்சு மாதிரி ஒட்டிக்கற அலங்காரமும் புள்ளிக்கு ஒரு மூலம். ஆனா மறைக்கறதுங்கறது அதுல கண்டிப்பா ஒரு பங்கு.

ரவிவர்மன் சார் வேலி போட்டா கலையான்னு கேட்டாரே, இந்த இழைல அதுக்கு என் பதில் இதுதான்: அந்த வேலி இல்லன்னா இந்த ஸ்டைலே இல்ல. எதை காட்டாம விடறதுங்கற தலைவலியிலதான் அந்த மனுஷங்க புது ஓவிய மொழியை பிடிச்சாங்க. டார்வின் மியூசியத்துல அந்த ஆரம்பகால பலகைகள் 200-க்கு மேல இருக்கு. 2017-ல அதை வெச்சு கண்காட்சி போட்டப்ப எதை சுவத்துல மாட்டலாம் எதை மாட்டக்கூடாதுன்னு அந்த ஓவியர்களோட குடும்பத்து பெரியவங்கதான் உக்காந்து முடிவு பண்ணாங்க. சிலது இன்னிக்கும் ஸ்டோர் ரூம்லதான்.

கணக்குப்பிள்ளை:
அதாவது மியூசியம் காசு குடுத்து வாங்கின படத்தை மியூசியமே மாட்ட முடியாது. 😳 எனக்கு இது மண்டையில ஏறலை, வாங்கினவனுக்கு என்னதான் சொந்தம்?

மெல்பன்_வாசுகி:
பலகை சொந்தம். கதை சொந்தமில்லை. அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
சரிக்கா அது கேக்க நல்லாருக்கு, கோர்ட்ல நிக்குமா?

ஈஸ்வரன்_எல்எல்பி:
கோர்ட் பேரைக் கேட்டதும் வந்துட்டேன். பாதி நிக்கும். ரெண்டு கேஸ் சொல்றேன். 1994-ல கார்ப்பெட் கேஸ்: பூர்வகுடி ஓவியர்களோட படங்களை கேக்காம எடுத்து வியட்நாம்ல கார்ப்பெட்டா நெய்து ஆஸ்திரேலியாவுல வித்துட்டாங்க. மூதாதை உருவத்து மேல செருப்புக்காலோட நடக்கறது! காப்பிரைட் மீறல்னு தீர்ப்பு, கிட்டத்தட்ட 1,90,000 டாலர் நஷ்டஈடு. அதுல முக்கியம் என்னன்னா, சொந்த சமூகத்துல ஓவியருக்கு ஏற்பட்ட அவமானத்தையும் கோர்ட் கணக்குல எடுத்துக்கிச்சு. ஏன்னா அங்க "உன் கிட்ட ஒப்படைச்சதை நீதான் காப்பாத்தல"ன்னு பழி ஓவியர் மேலதான் வரும், திருடினவன் யாரா இருந்தாலும்.

அடுத்தது 1998, ஜானி புலுன் புலுன் கேஸ், இவர் மத்திய பாலைவனம் இல்ல, வடக்க ஆர்ன்ஹம் லேண்ட். நீர்நிலையும் வாத்தும் அல்லியும் இருக்கற அவரோட படத்தை ஒரு கம்பெனி துணியில பிரிண்ட் பண்ணிடுச்சு. அவரோட குலம் "இந்தப் படம் எங்க எல்லாரோடதும், எங்களுக்கும் உரிமை இருக்கு"ன்னு கேட்டுச்சு. கோர்ட் கூட்டு காப்பிரைட்டை ஒத்துக்கல, படம் வரைஞ்சவர் ஒருத்தர்தான் ஓனர்னு சொல்லிடுச்சு. ஆனா அந்த ஓவியருக்கு தன் குலத்தோட நம்பிக்கைக்கு விரோதமா அந்தப் படத்தை பயன்படுத்தக்கூடாதுங்கற கடமை இருக்குன்னு சேத்து சொல்லிச்சு. பாதி ஜெயம்னு நான் சொல்லுவேன், சில பேர் கால்வாசி கூட இல்லம்பாங்க.

ரவிவர்மனில்லை:
இது புடிச்சிருக்கு வக்கீல் சார். காப்பிரைட் ஒருத்தனுக்கு, கடமை ஊருக்கு.

கணக்குப்பிள்ளை:
அப்ப அரசாங்கமே எடுத்தா?

ஈஸ்வரன்_எல்எல்பி:
எடுத்திருக்காங்களே. 1966-ல ஆஸ்திரேலியாவுக்கு புது டாலர் கரன்சி வந்தப்ப ஒரு டாலர் நோட்டுல டேவிட் மலாங்கியோட மரப்பட்டை ஓவியத்தைப் போட்டாங்க. அவர்கிட்ட கேக்கவே இல்ல. அது அவர் குலத்தோட மூதாதை வேட்டைக்காரர் ஒருத்தரோட ஈமச்சடங்கு கதை. விஷயம் வெளிய வந்ததும் ரிசர்வ் பேங்க் 1,000 டாலரும் ஒரு மெடலும் மீன்பிடி சாமானும் குடுத்துச்சு. அந்த மீன்பிடி சாமான்தான் எனக்கு தாங்கல. 🤦

செம்மண்ரோடு:
அரசாங்கம், நோட்டுன்னதும் ஞாபகம் வருது. கிளிஃபர்டோட அப்பா அவர் சின்ன வயசா இருக்கும்போதே போயிட்டார். அம்மா மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டது குவோயா ஜுங்குராயியை, ஒன் பவுண்ட் ஜிம்னு வெள்ளைக்காரங்க கூப்பிட்டவர். கவனிச்சீங்களா, இவரும் ஜுங்குராயி, செத்துப்போன அப்பாவும் ஜுங்குராயி, அதாவது முறைப்படி இவரும் அப்பாதான், சித்தப்பா பெரியப்பா ஸ்தானம். நம்ம ஊர் ஆளுக்கு இது விளக்காமலே புரியும். இவர் 1928 கோனிஸ்டன் படுகொலையில தப்பிச்சவர். வடமேற்கு பக்கம் ஒரு வெள்ளைக்காரன் கொல்லப்பட்டதுக்கு பழின்னு போலீஸ் கூட்டம் போய் கண்ட இடத்துல எல்லாம் சுட்டாங்க, அரசாங்க கணக்கே 31 பேர், நிஜத்துல அதைவிட நிறைய. அந்த மனுஷன் முகத்தைத்தான் 1950-ல ஸ்டாம்ப்ல போட்டாங்க, 1988-ல வந்த ரெண்டு டாலர் காயின்ல இருக்கற தாடிக்காரரும் அவர் உருவத்தை வெச்சு வந்ததுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, கதை குடும்பத்து வழியா வருதுன்னு நாம சுலபமா சொல்லிடறோம். அந்தக் குடும்பம் உயிரோட மிஞ்சறதே அப்ப பெரிய விஷயம். கிளிஃபர்ட் சின்ன வயசுலயே மாட்டுப்பண்ணை வேலைக்கு போனவர், பள்ளிக்கூடம் கிடையாது. மாடு மேய்ச்சுக்கிட்டு அந்த தேசம் முழுக்க சுத்தினார், அந்த சுத்தல்லதான் நிலம் மனப்பாடம் ஆச்சு. அப்புறம் மரச்செதுக்கு வேலை, அதுலயே நல்ல பேரு. ஓவியத்துக்கு வரும்போதே கை பழுத்த ஆள்.

கரிசல்காட்டான்:
மேடம் இதுக்கு தனி நூல் எழுதலாம் நீங்க. அவரோட வேற படம் எது பாக்கணும்?

செம்மண்ரோடு:
அடிலெய்டுல இருக்கற மேன்ஸ் லவ் ஸ்டோரி, 1978. ஒருத்தன் உக்காந்து முடியை கதிர்ல சுத்தி கயிறு திரிச்சுக்கிட்டு பாட்டுப் பாடறான், தூரத்துல இருக்கற ஒரு பொண்ணை தன் பக்கம் இழுக்கறதுக்கு. ஆனா அந்தப் பொண்ணு ஸ்கின் முறைப்படி அவனுக்கு ஆகாதவ. அவ நினைப்புலயே வேலையில கவனம் போயி காத்து வந்து முடியை அள்ளிக்கிட்டு போயிடுது. முறை தப்பின காதலை சொல்ற கதையே முறைப்படி வாரிசா வந்தது, எனக்கு அது ரொம்ப பிடிக்கும். 1980-ல ஆர்ட் கேலரி அதை வாங்கி, பூர்வகுடி கலைன்னு தனியா ஒதுக்காம மத்த சமகால ஓவியங்களோட சேத்து மாட்டினாங்க. அப்ப அது பெரிய செய்தி.

ரவிவர்மனில்லை:
பாத்தேன் நெட்ல. அந்த மஞ்சள் மேல வெள்ளை... சரி ஒரு வார்த்தை சொல்லிடறேன், இந்த ஆள் கலரிஸ்ட். கைவினைன்னு ஆரம்பிச்ச பேச்சை நான் மேற்கொண்டு இழுக்கல. ஆனா இன்னொரு சந்தேகம், கூட்டா வரையறாங்களே, பொண்டாட்டி புள்ளைங்க எல்லாம் உக்காந்து புள்ளி வைக்கறாங்க, அப்புறம் ஒருத்தர் பேர்ல விக்கறாங்க, அது எப்படி சரி?

மெல்பன்_வாசுகி:
இதுக்கு ஒரு பெரிய வழக்கே நடந்த மாதிரிதான். கேத்லீன் பெட்யாரே எண்டு யூடோபியா பக்கத்து ஓவியர். முள்ளுப்பல்லி மூதாதையின்ர கதை அவவுக்கு குடும்ப வழியில வந்தது, மேல இருந்து பாத்த மாதிரி மணல்ல காத்து போன மாதிரி அவ்வளவு நுணுக்கமான புள்ளி. 1996-ல அந்த நாட்டின்ர பெரிய பூர்வகுடி ஓவியப் பரிசு கிடைச்சது. அடுத்த வருசம் அவவின்ர முன்னாள் துணைவர், ஒரு வெள்ளைக்காரர், "அந்தப் படத்தில கனக்க வேலை நான்தான் செய்தனான்" எண்டு பேப்பருக்கு சொல்லிட்டார். பெரிய ரகளை. விசாரணை வைச்சு கடைசியில பரிசு அவவுக்குத்தான் எண்டு முடிஞ்சுது.

வெள்ளைக்கார பத்திரிகை கேட்ட கேள்வி ஆர் தூரிகை பிடிச்சது எண்டு. அங்கத்த ஆக்கள் கேட்ட கேள்வி ஆற்ற கதை எண்டு. ரெண்டும் ஒரே கேள்வி இல்லை. கதைக்கு உரியவ பக்கத்தில இருந்து, இது இங்க வரவேணும் அது அங்க வரவேணும் எண்டு சொல்ல, உறவுக்காரர் புள்ளி வைக்கிறது அவையளிட்ட வழமை, அப்பிடித்தான் பிள்ளையள் கதையையும் படிக்குதுகள்.

ரவிவர்மனில்லை:
இந்த ஒண்ணுல நான் உங்களோட ஒத்துப்போக மாட்டேன் அக்கா. பொண்ணு பேத்தி புள்ளி வெச்சா அது பயிற்சி, சரி. வாங்கறவன்கிட்ட "முழுக்க இவர் கையால"ன்னு சொல்லி விக்கறப்ப அது வேற. மரபு வழக்கத்தை காரணம் காட்டி டீலர்தான் குளிர் காயறான்.

ஈஸ்வரன்_எல்எல்பி:
அது உண்மை, டீலர்கள் பண்ணின கூத்து நிறைய. கிளிஃபர்ட் பேர்லயே போலி வந்துச்சு. அவர் வயசான காலத்துல சிட்னி வந்து கேலரில தொங்கின படங்களைப் பாத்து "இது என்னுது இல்ல"ன்னு நேர்லயே சொன்னார். அதுல ஒரு டீலருக்கு 2001-ல தண்டனையும் கிடைச்சுது.

கணக்குப்பிள்ளை அண்ணனோட முதல் கேள்விக்கும் இப்பவே பதில் சொல்லிடறேன். 2007-ல மறுவிற்பனைக்கு ராயல்டி சட்டம் ஆஸ்திரேலியாவுல கிடையாது. 2009-ல சட்டம் வந்து 2010 ஜூன்ல இருந்து அமல், 1,000 டாலர் அல்லது அதுக்கு மேல மறுபடி வித்தா 5 சதவீதம் ஓவியருக்கு, செத்துட்டா 70 வருஷம் வரைக்கும் வாரிசுக்கு. இந்த சட்டம் முன்னாடியே அமல்ல இருந்திருந்தா, அந்த 24 லட்சத்துல 5 சதவீதம், 1,20,000 டாலர் குடும்பத்துக்கு போயிருக்கும்.

கணக்குப்பிள்ளை:
1,20,000!! போச்சே.

கரிசல்காட்டான்:
எனக்கு இப்ப பத்திரம்னு மேடம் சொன்னதுதான் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. நிஜமாவே யாராவது படத்தை பத்திரமா காட்டி நிலம் வாங்கியிருக்காங்களா, இல்ல அது சும்மா பேச்சுக்கா?

மெல்பன்_வாசுகி:
வாங்கினவை தம்பி. மேற்கு ஆஸ்திரேலியா, கிரேட் சாண்டி பாலைவனம், நுரரா ஆக்கள். 1997-ல நிலவுரிமை விசாரணைக்கு வந்த அதிகாரியளுக்கு தங்கட உரிமையை இங்கிலீஷில விளங்கப்படுத்த ஏலாமல் போச்சு. நாப்பது பேரளவில சேந்து எட்டு மீட்டருக்கு பத்து மீட்டர் கான்வாஸ் ஒண்டு கீறினவை, ஒவ்வொரு குடும்பமும் தங்கட நீர்க்கிணறு, தங்கட கதை. பிறகு விசாரணையில அந்தக் கான்வாஸை நிலத்தில விரிச்சுப்போட்டு, ஒவ்வொருத்தரா தன்ர துண்டில ஏறி நிண்டு தன்ர பாசையில சாட்சி சொன்னவை. 2007-ல நிலவுரிமை கிடைச்சுது. உங்கட வார்லுகுலாங் ஏலத்துக்குப் போன அதே வருசம்.

செம்மண்ரோடு:
இதோட எதிர் பக்கத்தையும் போட்டுடறேன். கான்பெராவுல பார்லிமென்ட் வாசல்ல பெரிய மொசைக் தரை இருக்குல்ல, 1988-ல திறந்தது, அது மைக்கேல் நெல்சன் ஜகமாராவோட டிசைன், அவரும் பாபுன்யா ஓவியர்தான், அதுவும் மூதாதைகள் ஒண்ணா கூடற கதைதான். சுமார் 90,000 கல்லு. 1993-ல நிலவுரிமை விஷயத்துல அரசாங்கம் போற போக்கு பிடிக்காம அவரே உளியும் சுத்தியலுமா வந்து அதுல ஒரு கல்லை பேத்து எடுத்துட்டார். கதையை குடுத்தவன் திருப்பி எடுத்துக்கலாம்னு அவர் நினைச்சிருக்கார்.

ரவிவர்மனில்லை:
இது ஒண்ணு போதும். என் படத்தை வாங்கினவன் என்ன பண்ணாலும் எனக்கு அப்படி போய் நிக்கத் தோணினதே இல்ல. தோணினாலும் உள்ள விட மாட்டான் 😅

கணக்குப்பிள்ளை:
ஒரு டவுட். கிளிஃபர்ட் போஸம்னு நாம பேரு சொல்லிக்கிட்டே இருக்கோமே, செத்தவங்க பேரை அவங்க சொல்ல மாட்டாங்கன்னு எங்கயோ படிச்சேன்?

செம்மண்ரோடு:
சரிதான், துக்க காலத்துல சொல்ல மாட்டாங்க, அதே பேரு இருக்கற வேற ஆளைக்கூட மாத்துப் பேருல கூப்பிடுவாங்க. வார்டுல இதனால நாங்க பட்ட பாடு... ஒரு நாள் வந்தவர் அடுத்த வாரம் வேற பேர்ல வருவார், ஃபைல் கிடைக்காது. ஆனா எவ்வளவு காலம்ங்கறது குடும்பத்தைப் பொறுத்தது. இவர் பேரை கேலரிகளும் குடும்பமும் இன்னிக்கு பொதுவுல பயன்படுத்தறாங்க, அதனால நாம பேசறதுல தப்பில்ல. டிவில புரோகிராம் முன்னாடி இறந்தவங்க பேரும் படமும் வரலாம்னு எச்சரிக்கை போடறது இதுக்காகத்தான்.

யமுனா_துறை:
ரொம்ப நேரமா படிச்சுக்கிட்டிருந்தேன், சூப்பர் இழை. என் பொண்ணு ஸ்கூல்ல "அபாரிஜினல் ஆர்ட்" பிராஜெக்ட், இயர்பட்ல புள்ளி வெச்சு கங்காரு வரைஞ்சுட்டு வான்னு அனுப்பியிருக்காங்க. இதெல்லாம் படிச்சப்புறம் அதை பண்ணலாமா வேணாமா?

மெல்பன்_வாசுகி:
பிள்ளை புள்ளி வைக்கிறதில ஒரு பிழையுமில்லை, உலகம் முழுக்க புள்ளி இருக்கு. ஆனா பாத வடிவம், நீர்நிலை வட்டம், ஆக்கள் இருக்கிற வளைவு எண்டு அவையளின்ர குறியை எடுத்து கதை பின்ன விடாதேங்கோ. அதைவிட நல்லது, ஒரு ஓவியரின்ர படத்தைப் பாத்து இது ஆற்ற கதை, எந்த இடம், ஆரிட்ட இருந்து வந்தது எண்டு எழுதச் சொல்லுங்கோ. ரீச்சருக்கும் உதவியா இருக்கும்.

யமுனா_துறை:
நன்றி அக்கா. எமிலி பத்தி எழுதச் சொல்லட்டுமா? எழுபது எம்பது வயசுல ஆரம்பிச்சாங்களே.

மெல்பன்_வாசுகி:
ஓம், எமிலி கேம் குங்வாரே, நல்ல தெரிவு. 1977-ல இருந்து பத்திக் வேலை, அதாவது துணியில மெழுகு வைச்சு சாயம் போடுறது, கான்வாஸ் தொட்டது 1988 அளவில, 96-ல காலமாகிட்டா. கோடும் நிறமும்தான் தெரியும், பாக்கிறவை அப்ஸ்ட்ராக்ட் எண்டுவினம், ஆனா அது அவவின்ர கிழங்குக் கொடியும் பொம்பிளையளின்ர சடங்கில நெஞ்சில கீறுற கோடும்தான். கேம் எண்ட பேரே அந்தக் கிழங்குக் கொடியின்ர விதை.

கரிசல்காட்டான்:
ஜூலைல ஆபிஸ் வேலையா அடிலெய்டு வர வேண்டியிருக்கு, அங்கிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஒரு எட்டு போலாம்னு இருக்கேன். பாபுன்யா போக முடியுமா? ஒரு சின்னப் படம் வாங்கணும்னாலும் எங்க வாங்கறது, ஏமாறாம?

செம்மண்ரோடு:
பாபுன்யா பூர்வகுடி நிலம், பர்மிட் இல்லாம போகக்கூடாது, முன்கூட்டியே அப்ளை பண்ணுங்க, ரோடும் பாதி மண்ரோடுதான். ஆலிஸ்லயே டாட் மால்ல பாபுன்யா டூலாவோட சொந்தக் கடை இருக்கு, ஓவியர்களே ஓனர்ங்கறதால அங்க தைரியமா வாங்கலாம். வேற எங்க வாங்கினாலும் ஓவியர் பேரு, ஊரு, என்ன கதை, எந்த ஆர்ட் சென்டர் மூலமா வந்தது, இதெல்லாம் எழுதின பேப்பர் கேளுங்க. அது இல்லாம "அபாரிஜினல் டிசைன்"னு மட்டும் சொன்னா வெளிய வந்துடுங்க, பூமராங்ல பாதி இந்தோனேஷியாவுல செஞ்சது. செப்டம்பர்ல வர முடிஞ்சா இன்னும் நல்லது, டெசர்ட் மாப்னு கண்காட்சி, பாலைவனத்து ஆர்ட் சென்டர் எல்லாம் ஒரே கூரைக்கு கீழ வரும், சின்னப் படம் கையைக் கடிக்காத விலைக்கே கிடைக்கும்.

கரிசல்காட்டான்:
செப்டம்பர் முடியாது மேடம், ஜூலைதான். பாலைவனம்தானே, வெயில் தாங்குமா?

செம்மண்ரோடு:
வெயிலா! ஜூலைல ராத்திரி சில நாள் ஜீரோவுக்கு கீழ போகும், ஸ்வெட்டர் எடுத்துட்டு வாங்க.